மூடிய கையும் முப்பது வினாடியும்

இளைஞரை நல்வழிப்படுத்துவது எங்ஙனம் என்று வினவினால், நம்மிடையே விடை கூறாதவர் எவரும் இலர். கண்டிப்புப் போதாது என்பார் ஒருவர். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் பாதி நோய் தீரும் என்பார் மற்றொருவர். மாலையில் செபமாலைக்கு உட்கார வைத்தால் போதும் என்று பாட்டிமார் கூறுவர். பையன் இருபத்து மூன்று வயதைக் கடந்தவனாயின், ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் அடங்கிவிடுவான் என்று ஊரே ஒருமுகமாகத் தீர்ப்பளித்துவிடும். இத்தனை மருந்துகள் கைவசம் இருந்தும் நோய் தீர்ந்தபாடில்லை. இவற்றில் சில நல்ல மருந்துகளே. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இவையனைத்தும் ஓர் எண்ணத்தின்மேல் நிற்கின்றன. இளைஞனுக்கு எது சரி என்று தெரியாது, அதனைத் தெரியப்படுத்துவதே நம் வேலை என்பதுதான் அவ்வெண்ணம்.

அவனுக்குத் தெரியாதா? நம் பங்கில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுவோம். தேர்பவனி முடிந்த இரவு. இளைஞர் இருவர், ஒரே தெருவினர். புதுநன்மை வாங்கியதும் ஒரே நாளில்தான். வழியில் நின்ற வண்டியை எடுக்கச் சொன்னான் ஒருவன். சொன்ன விதம் சரியில்லை என்றான் மற்றவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். பந்தலுக்கென்று கிடந்த சவுக்குக் கட்டை ஒருவன் கைக்கு வந்தது. மற்றவனுக்கு ஒரு கண்ணில் பார்வை போயிற்று. தொடக்கம் முதல் இறுதிவரை எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பின்னர் விசாரித்தோம். ஐந்து நிமிடங்கூட இராது என்றார்கள் கண்டவர்கள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இரு தாய்மாரும் ஒரே பூசைக்குத்தான் வருகிறார்கள். ஒருவர் வடக்கு வாயில் வழியாக, மற்றவர் தெற்கு வாயில் வழியாக.

கட்டையை எடுத்தவன் மறைக்கல்வித் தேர்வில் பரிசு பெற்றவன். தலையான பாவங்கள் ஏழினையும், அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழினையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். கோபத்துக்கு எதிரான புண்ணியம் பொறுமை என்பதை அந்த இரவிலும் அவன் அறிந்தே இருந்தான். அறிந்தது அந்த ஐந்து நிமிடத்துக்குள் அவன் கைக்கு வந்து சேரவில்லை.

இந்த இடைவெளியைப் பற்றித்தான், அறிவுக்கும் கைக்கும் இடையே உள்ள இந்தச் சிறு தொலைவைப் பற்றித்தான், நமக்கு மிகவும் அப்பாலுள்ள ஒரு நகரத்தார் ஊன்றி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தைத்தான் சொல்கிறோம். அங்குள்ள சிறார் தடுப்பு இல்லத்தில் பணிபுரிந்த ஒருவர் தம்மைக் காண வந்த ஆராய்ச்சியாளரிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறார். இங்கிருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் ஒரு பங்கினரை விட்டுவிடலாம்; மற்றவர்களுக்கு அவர்கள் வாழ்வில் பத்தே பத்து நிமிடங்களைத் திருப்பிக் கொடுக்க முடியுமாயின், அவர்களுள் பெரும்பாலோர் இங்கே வந்திருக்கவே மாட்டார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். தேர்பவனி இரவைக் கண்ட நமக்கு இது நம் பங்கைப் பற்றிச் சொன்னதாகவே பட்டது.

அந்நகரில் 2001-ஆம் ஆண்டு, 'யூத் கைடன்ஸ்' என்னும் தொண்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்டனி ரமிரெஸ் தி விட்டோரியோ என்பவர் பள்ளி மாணவர்க்காக ஒரு வாரக் கூட்டத்தைத் தொடங்கினார். 'பிகமிங் எ மேன்', அதாவது 'ஆண்மகன் ஆதல்' என்று அதற்குப் பெயர். வறுமையும் துப்பாக்கியும் மலிந்த பகுதிகளின் பள்ளிகளில், வாரத்துக்கு ஒரு மணி நேரம், பத்துப் பன்னிரண்டு பையன்கள் வட்டமாக அமர்வார்கள். பெரியவர் ஒருவர் அவர்களோடு அமர்ந்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பாட வகுப்பிலிருந்து விடுதலை உண்டு. பையன்கள் முதலில் வந்தது இந்த விடுதலையை உத்தேசித்துத்தான் என்று அதை நடத்துவோரே ஒளிக்காமல் சொல்லுகிறார்கள். இந்த ஒளிவின்மை நமக்குப் பிடித்திருக்கிறது. நம் மறைக்கல்வி வகுப்பில் சுண்டல் கொடுக்கும் ஞாயிறுகளில் வருகை எப்படி என்பதை நாமும் அறிவோம் அல்லவா?

அங்கு நடக்கும் முதற் பயிற்சிகளுள் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லலாம். பையன்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுக்கிறார்கள். மற்றவனுக்கு இடப்படும் கட்டளை ஒன்றே: முப்பது வினாடிக்குள் அந்தப் பந்தை அவன் கையிலிருந்து வாங்க வேண்டும். உடனே அறை போர்க்களமாகிறது. விரலை முறுக்குகிறான் ஒருவன். கழுத்தை வளைத்துப் பிடிக்கிறான் மற்றொருவன். பின் முறை மாற்றி, பந்து மற்றவன் கைக்குப் போகிறது. மீண்டும் அதே மல்யுத்தம். எல்லாம் அடங்கியபின் பெரியவர் மெல்லக் கேட்கிறார்: பந்தைத் தரும்படி உங்களில் எவனும் கேட்கவில்லையே, ஏன்? கேட்டிருந்தால் கொடுத்திருக்கவா போகிறான் என்கிறார்கள் சிலர். என்னைக் கோழை என்று நினைத்திருப்பான் என்கிறார்கள் சிலர். பெரியவர் அடுத்தவனிடம் திரும்புகிறார்: அவன் கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்று விடை வருகிறது.

இதில் அறிவுரை ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சண்டை தீது என்று எவரும் கூறவில்லை. அடுத்தவன் மனத்தில் இருப்பதாக நாமே எண்ணிக்கொண்ட ஒன்றை நம்பித்தான் நம் கை நீண்டது என்பதை, வியர்வை உலர்வதற்குள் பையன் தானே கண்டுகொள்கிறான். இத்தகைய பயிற்சிக்கு அடிப்படையான மருத்துவ முறையை 1960-களில் வகுத்தவர் ஃபிலடெல்ஃபியாவில் வாழ்ந்த ஆரன் பெக் என்னும் மனநல மருத்துவர் (1921–2021). ஒரு நிகழ்ச்சிக்கும் அதனால் எழும் உணர்ச்சிக்கும் நடுவே ஓர் எண்ணம் மின்னல்போல் வந்து போகிறது. அதை நாம் எண்ணம் என்றே அறிவதில்லை, உண்மை என்று கொள்கிறோம். அந்த மின்னலைப் பிடித்து நிறுத்திப் பார்க்கப் பழகலாம் என்பது அவர் கண்டது. மனச்சோர்வுற்றவர்க்கென வகுத்ததைப் பின்வந்தோர் கோபத்துக்கும் அச்சத்துக்கும் பயன்படுத்தினர்.

நிற்க. இப்பயிற்சிகள் பையன்களைக் கோழைகளாக்கிவிடாவா என்றொரு ஐயம் எழலாம். நம் ஊர்த் தந்தையரும் இதைக் கேட்பார்கள், கேட்பதும் நியாயமே. சிக்காகோவின் சில தெருக்களில், மதிய உணவுக் காசைக் கேட்டு மிரட்டுபவனிடம் இன்று பணிந்து கொடுத்தால், நாளை பத்துப்பேர் வந்து நிற்பார்கள். அங்கே எதிர்த்து நிற்பது மடமையன்று, பிழைக்கும் வழி. தெரு கற்பித்த அந்தப் பாடத்தைப் பையன் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போகிறான். ஆசிரியை 'வாயை மூடிக்கொண்டு உட்கார்' என்கிறார். அவன் காதில் அது மிரட்டுபவனின் குரலாகவே விழுகிறது, எழுந்து நிற்கிறான், வெளியே அனுப்பப்படுகிறான். ஆகவே, சண்டையே போடாதே என்று சொல்லுவதன்று அந்தக் கூட்டத்தின் வேலை. இப்போது நீ நிற்பது தெருவா, வகுப்பறையா என்று பார்க்கும் அளவுக்கு ஒரு நொடி நில் என்பதே வேலை. மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன போதனையை அறிந்த நமக்கு இது சற்றுக் குறைவாகத் தோன்றக்கூடும். ஆயினும், கன்னத்தைக் காட்டுவது என்று தீர்மானிப்பதற்கும் அந்த ஒரு நொடி வேண்டும் அல்லவா? நொடியே இல்லாதவன் எந்தக் கன்னத்தையும் காட்ட இயலாது.

கோபத்தையும் அவர்கள் அணைக்கச் சொல்வதில்லை. அதைக் காட்டுமிராண்டியாகக் கக்குவது ஒரு வழி, போர்வீரனைப்போல் ஆண்டு செலுத்துவது மற்றொரு வழி என்று பிரித்துக் காட்டுகிறார்கள். கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவனும் தன் உடல் எப்படி இருக்கிறது, அறிவு எப்படி இருக்கிறது, உணர்ச்சி எப்படி, ஆன்மா எப்படி என்று நான்கு வாக்கியம் சொல்ல வேண்டும். முதல் வாரங்களில் 'நன்றாயிருக்கிறேன்' என்பதற்குமேல் எவனிடமிருந்து என்ன வரும்? முதலில் சொல்பவர் அந்தப் பெரியவரேயாவார். தம் மனக்கசப்பை அவர் வாய்விட்டுச் சொல்லக் கேட்டபின்தான் பையன்களின் வாய் திறக்கிறது. நம் வீடுகளில் மகனின் உள்ளத்தைத் திறக்கச் சொல்லும் தந்தை, தம் உள்ளத்துக்குப் பூட்டுப் போட்டே வைத்திருப்பார் என்பதை இங்கே நினைத்துக்கொண்டோம்.

இதெல்லாம் கேட்க நன்று, பலன் உண்டா? சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதனைச் சோதித்த முறை நேர்மையானது. சேரக்கூடிய பையன்கள் மிகுதி, இடமோ குறைவு. ஆதலால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தனர். 2009–10 கல்வியாண்டில் 18 பள்ளிகளைச் சேர்ந்த 2,740 மாணவர் இக்குலுக்கலில் அடங்கினர். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு முறை இதுபோலவே ஆராய்ந்தனர். 2017-இல் வெளியான முடிவு இது: பயிற்சியில் பங்கேற்றோர், பயிற்சிக் காலத்தில் வன்செயலுக்காகக் கைதாவது 45 முதல் 50 விழுக்காடு குறைந்தது. முதற் குழுவில் பள்ளிப் படிப்பை முடித்தோர் விகிதம் 12 முதல் 19 விழுக்காடு உயர்ந்தது. நாம் முன்பு சொன்ன சிறார் தடுப்பு இல்லத்திலும் இதே கருத்தின்மேல் அமைந்த பயிற்சியைக் கொடுத்தார்கள்; வெளியே சென்றோர் மறுபடி அங்கு வந்து சேர்வது 21 விழுக்காடு குறைந்தது.

அப்பையன்கள் எதனால் மாறினர் என்றறிய ஒரு சிறு பண விளையாட்டையும் வைத்தார்கள். முகம் தெரியாத கூட்டாளி உன் பங்கில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டான் என்று கூறி, இப்போது நீ பங்கிடு என்று விடுவார்கள். பயிற்சி பெற்றவர்கள் விடை சொல்வதற்கு மற்றவரைக் காட்டிலும் மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டனர். அவர்கள் பெற்றது அந்த நேரம்தான்.

இதைப் படித்தபின் நமக்கு வாளாவிருக்க மனம் வரவில்லை. பங்குத்தந்தையின் இசைவோடு, பெற்றோருக்கும் சொல்லிவிட்டு, ஞாயிறு மாலைகளில் மாதா கெபி அருகே கூடும் இளைஞரிடம் பந்து விளையாட்டை நடத்திப் பார்த்தோம். ஏழு பந்துக்கு எங்கே போவது? உபதேசியார் வீட்டு மரத்திலிருந்து ஏழு எலுமிச்சம்பழம் வந்தது. பதினான்கு பேர், ஏழு இணைகள். முப்பது வினாடி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மணலில் உருண்டார்கள். நான்கு பழங்கள் அங்கேயே சாறாயின. உபதேசியாரின் துணைவியார் எஞ்சியவற்றை மீட்டுக்கொண்டு போனார். சற்று நேரத்தில் அவை சர்க்கரையோடு திரும்பி வந்தன என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஒரே ஓர் இணையில் மட்டும் மல்யுத்தம் இல்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன்; அவனுக்கு வாய்த்தவனோ பாலிடெக்னிக்கில் படிக்கும் வாட்டசாட்டமான இளைஞன். சிறியவன் நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, அதக் கொடுங்கண்ணே" என்றான். கொடுத்துவிட்டான் அவனும். மற்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பலமில்லாதவன், வேறு வழியில்லாமல் கேட்டான் என்பது அவர்கள் முடிவு. அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஞானத்தால் கேட்டான் என்று நாம் அவனுக்குப் பட்டம் சூட்டப் போவதில்லை. பெரியவனிடம் ஏன் கொடுத்தாய் என்று கேட்டோம். "கேட்டான், கொடுத்தேன். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு என்ன?" என்றான். சிரிப்பு நின்றது. அந்த மௌனத்தை நாம் எந்த அறிவுரையாலும் விலைக்கு வாங்கியிருக்க முடியாது.

பின்னர், எடு என்றதும் மனத்தில் என்ன ஓடியது என்று ஒவ்வொருவனையும் கேட்டோம். பலர் தோளைக் குலுக்கினர். ஒருவன் சொன்னான்: "ஒன்றும் ஓடவில்லை. கை போய்விட்டது." மற்றொருவன், அதிகம் பேசாத பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வீட்டிலும் அப்படித்தான். எங்கேடா போயிருந்தாய் என்று அப்பா கேட்டவுடனே கை கதவை அறைந்துவிடுகிறது. பிறகுதான், கடைக்குப் போயிருந்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது." அவன் தந்தையை நாம் நன்கு அறிவோம், அவர் கையும் கதவறியாததன்று. ஆனால் அதை அங்கே சொல்வது நம் வேலையன்று என்று இருந்துவிட்டோம்.

இனி, இந்தப் பயிற்சிகளைப் புகழ்வோர் பலர் சொல்லாமல் கடந்துவிடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிக்காகோவில் முதற் குழுவினர்க்குப் பள்ளிப் படிப்பில் கிடைத்த நன்மை நிலைத்தது. ஆனால் கைது குறைந்தது பயிற்சி நடந்த ஆண்டோடு சரி. கூட்டம் கலைந்தபின் அந்தக் குறைவு தொடர்ந்து தென்படவில்லை. உடற்பயிற்சியை விட்டவனின் தசை தளர்வதைப்போலத்தான் இதுவும் என்று கொண்டால் வியப்பில்லை. மூன்று நாள் இளையோர் தியானம் நடத்தி, இறுதி நாளில் கண்ணீர் கண்டு, எல்லாம் மாறிவிட்டது என்று மகிழும் நாம் இதை உற்று நோக்கினால் நல்லது. தியானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு வரும் நாற்பது வாரங்களுக்கு என்ன ஏற்பாடு என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை, எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்னும் சிறு நாடு, 1989-இல் தொடங்கி இடையில் சிறிது ஓய்ந்து 2003 வரை உள்நாட்டுப் போரில் நைந்தது. சிறுவயதிலேயே துப்பாக்கி ஏந்தியவர்கள் போர் முடிந்தபின் தலைநகர் மன்ரோவியாவின் தெருக்களில் திருடியும் போதைப்பொருள் விற்றும் திரிந்தார்கள். அங்கு 'நெபி' என்று சுருக்கமாக வழங்கும் உள்நாட்டுத் தொண்டு நிறுவனம், இத்தகையோரை இருபது இருபது பேராகக் கூட்டி எட்டு வாரப் பயிற்சி அளித்தது. பயிற்சி தந்தவர்களில் பலர் தாமே அந்த வாழ்விலிருந்து மீண்டவர்கள். கோபம் ஏறுகையில் இடத்தை விட்டு நகர்வது, மூச்சை ஆழ இழுப்பது முதலியவற்றோடு, நம் கண்ணுக்கு எளியவையாகத் தோன்றும் சில வேலைகளையும் கொடுத்தார்கள். முடி வெட்டிக்கொள். துவைத்த சட்டை போட்டுக்கொள். அப்படியே ஒரு வங்கிக்குள் நுழைந்து, கணக்குத் தொடங்குவது எப்படி என்று கேட்டுவிட்டு வா. பெரிய கடைக்குள் போய்ப் பொருள்களைப் பார்த்துவிட்டு வா. போகுமுன் ஒத்திகை, வந்தபின் நடந்ததைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். நேற்றுவரை திருடன் என்று துரத்தப்பட்டவனை ஒரு காவலாளி கதவைத் திறந்து உள்ளே விடுகிறார் என்றால், அவனுக்கு அது எத்தகைய நாளாக இருந்திருக்கும்!

அங்கும் குலுக்கல்தான். 999 ஆடவரை நான்காகப் பிரித்தனர். ஒரு பகுதிக்குப் பயிற்சி மட்டும். ஒரு பகுதிக்கு 200 டாலர் பணம் மட்டும். ஒரு பகுதிக்கு இரண்டும். எஞ்சியோர்க்கு ஒன்றும் இல்லை. இத்தகையோர் கையில் பணம் கொடுப்பதா என்று நாமும் புருவத்தை உயர்த்துவோம். பெரும்பாலோர் குடித்துத் தீர்க்கவில்லை. உணவு, உடை, உறைவிடம், சிறு வியாபாரம் ஆகியவற்றுக்கே செலவிட்டார்கள். ஓராண்டு கழிந்தது. பணம் மட்டும் பெற்றவர்களின் நன்மை மறைந்துவிட்டது. பயிற்சி மட்டும் பெற்றவர்களின் நன்மை தேய்ந்திருந்தது. இரண்டும் பெற்றவர்களிடமே மாற்றம் நின்றது. பத்தாண்டு கழித்து அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டபோதும், ஒன்றும் பெறாதவரோடு ஒப்பிட்டால் இவர்களிடம் திருட்டும் சண்டையும் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தன. கிறிஸ்டோபர் பிளாட்மேன் என்னும் பொருளியல் அறிஞரும் அவர்தம் தோழரும் இவ்வாராய்ச்சியை நடத்தினார்கள்.

பணத்தால் திருந்தினார்கள் என்று இதற்குப் பொருளன்று; பணம் மட்டும் பெற்றவர்கள் திருந்தவில்லையே. சிறு வியாபாரம் ஒன்றைச் சில திங்கள் நடத்தியவன், கற்றதை அத்தனை நாளும் கடைத்தெருவில் பழகிக்கொண்டே இருந்தான் என்றும், பயிற்சி முடிந்தபின்னும் புது மனிதனாக நடக்க அவனுக்கு ஓர் இடம் கிடைத்தது என்றும் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நமக்கும் அது சரியென்றே படுகிறது. தச்சனிடம் ஒரு பையனைச் சேர்த்துவிட்டால் ஆறு மாதத்தில் அவன் பேச்சே மாறிவிடுவதை நாம் கண்டதில்லையா? உளி பிடிக்கும் கை அவசரப்பட்டால் பலகை கெடும். அது அவனுக்கு நாள்தோறும் பாடம்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். அந்த ஞாயிற்றுக்கிழமை கெபியின் படியில் அமர்ந்து வேடிக்கை பார்த்த பெண்பிள்ளைகள், எங்களுக்கு ஏதும் இல்லையா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. சிக்காகோவில் அதே தொண்டு நிறுவனம் 2011-இல் பெண்களுக்கென்று தனிக் கூட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. பையன்களின் கோபம் வெளியே வெடிப்பதால் ஊர் கவனிக்கிறது. பெண்ணின் துயரம் உள்ளேயே எரிவதால் அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் படுக்கும் பிள்ளைக்கும், கட்டையைத் தூக்கும் பிள்ளைக்கும் நடுவே நாம் நினைக்கும் அளவு தொலைவு இல்லை. ஆனால் எலுமிச்சம்பழ விளையாட்டு அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களோடு அமரப் பக்குவமுள்ள பெண்மணி ஒருவர் வேண்டும். பங்கிலுள்ள செவிலியர் ஒருவரிடம் பேசியிருக்கிறோம்.

பையன்களோடு அமர்வது யார் என்பதும் இப்படித்தான் பெரிய கேள்வியாக நின்றது. ஆசிரியர்கள் வேண்டாம் என்று பையன்களே சொல்லிவிட்டார்கள். எந்தப் பேச்சும் மதிப்பெண்ணில் போய் முடியும் என்பது அவர்கள் அச்சம். நம்மைப்போல் எழுதுவோரும் வேண்டாம். நாம் வாயைத் திறந்தால் அறிவுரைதான் வரும். அன்று கெபிக்குக் குழல்விளக்குப் பொருத்த வந்திருந்த மின்பணியாளர் ஒருவர், வேலை முடிந்தும் போகாமல் ஏணிமேல் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் கலைந்தபின் அருகில் வந்து, தாம் பத்தொன்பது வயதில் ஒருவனை அடித்துவிட்டுக் கிளைச்சிறையில் நாற்பத்தொரு நாள் இருந்ததாகச் சொன்னார். "எனக்கும் அன்றைக்கு யாராவது முப்பது வினாடி கொடுத்திருக்கலாம், ஐயா" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. ஏணியைத் தோளில் எடுத்துக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமைதோறும் மாலை ஆறரைக்கு அவர்தாம் அவர்களோடு அமர்கிறார். பங்குத்தந்தை தமது அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பால் இருப்பார். முதலில் ஒவ்வொருவரும் அந்த வாரத்தைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்கிறார்கள்; அவரே தொடங்கி வைக்கிறார். வேலைக்கு ஆள் தேவைப்படும் நாள்களில் இருவரைக் கம்பி இழுக்கவும் அழைத்துப் போகிறார், நாட்கூலியும் கொடுத்துவிடுகிறார். பதினான்கு பேரில் ஐவர் நின்றுவிட்டனர். அவர்களில் இருவர் கிரிக்கெட்டுக்குப் போகிறார்கள், மற்றவரைப் பற்றி வீட்டில் விசாரிக்க வேண்டும். எஞ்சிய ஒன்பது பேர் வருகிறார்கள். கதவை அறையும் பிள்ளையும் வருகிறான். சென்ற வாரம் அவன் தந்தை வந்து, கோயில் மதிற்சுவர் ஓரமாகச் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார்.